பிள்ளையின் எழுத்தும் அதன் வாசகரும்: ஆரம்ப வகுப்புக் கட்டுரை குறித்து ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் தமிழ்மொழி மூல ஆரம்பப் பாடசாலைகளில் ஓராண்டில் எழுதப்படும் எழுத்தின் அளவு, அதே ஆண்டில் இந்நாட்டில் அச்சேறும் தமிழ் நாவல், சிறுகதை, கவிதை அனைத்தையும் ஒருங்கு திரட்டினாலும் அவற்றை விஞ்சி நிற்கும். எனினும் அவ்வெழுத்து இலக்கிய விமர்சகரின் கவனத்திற்கு உட்பட்டது மிக அரிது. அது கல்வியியலாளரின் துறையென ஒதுக்கப்பட்டுவிட்டது. கல்வியியலாளரோ அதனைப் பெரும்பாலும் மொழித்திறனின் அளவுகோலாகவே நோக்கினர். யார் எழுதுகின்றனர், எதைப் பற்றி எழுதுகின்றனர், யாருக்காக எழுதுகின்றனர் என இலக்கியத்தை நோக்கி நாம் வழக்கமாக எழுப்பும் வினாக்கள் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியை நோக்கி எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களுள் மூன்றாவதே இக்கட்டுரையின் பொருள். முதலிரண்டும் அதனோடு பிணைந்து வருவன.

நமது கட்டுரைக் கொப்பிகளில் நெடுங்காலமாக நின்று நிலவும் ஒரு வடிவத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். நாணயம் பேசுகிறது, கிழிந்த குடை பேசுகிறது, பழைய துவிச்சக்கர வண்டி தன் வரலாற்றைக் கூறுகிறது. இத்தகைய 'சுயசரிதை' ஒன்றையேனும் எழுதாது பாடசாலையைக் கடந்த தமிழ்ப் பிள்ளை அரிது. நாணயம் பிறக்கிறது, வங்கிக்குச் செல்கிறது, வணிகரின் பெட்டியில் உறங்குகிறது, பிச்சைக்காரரின் தகரப்பேணியில் விழுந்து கண்ணீர் விடுகிறது, ஈற்றில் வடிகானில் தொலைந்துபோகிறது. எல்லாக் கொப்பிகளிலும் ஏறத்தாழ இதுவே வரலாறு. 'மூலதனம்' முதற் பாகத்தின் (1867) முதல் அத்தியாயத்தில், பண்டங்களுக்கு வாய் இருப்பின் அவை என்ன கூறும் என மார்க்ஸ் எள்ளலோடு கற்பனை செய்தமை வாசகர் அறிந்ததே. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றங்கொள்வதை வெளிப்படுத்தவே அவர் பண்டத்தைப் பேசவைத்தார். நமது வகுப்பறை அதே உத்தியை மறுதலையாகக் கையாள்கிறது. மாதக் கடைசியில் தன் வீட்டில் நாணயம் எவ்வாறு எண்ணப்படுகிறது என்பதை நன்கறிந்த பிள்ளை, அதை விடுத்து, தான் ஒருநாளும் கண்டிராத வங்கிப் பெட்டகத்தை வருணிக்கிறது. வேடமிட்டுப் பேசுவதிற் பிள்ளைகளுக்குள்ள இன்பத்தை நாம் மறுக்கவில்லை. வேடம் ஒன்றே அனுமதிக்கப்பட்ட குரலாக இருப்பதே எமது முறைப்பாடு.

மொழிப்பாடத்தில் இவ்வளவேனும் உண்டு. ஏனைய பாடங்களில் எழுத்தென்பது பெரும்பாலும் பார்த்தெழுதலே. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியில் ஒருங்கிணைந்த கலைத்திட்டத்தைக் கொணர்ந்தது. 1990 களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்தையும் அமைத்து, விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் கற்றலின் வழிகளாக வகுத்தது. கொள்கையளவில் இவை முற்போக்கானவை. பாடங்களைப் பிரிக்கும் மதில்களை அவை தாழ்த்தின. ஆயின் மதில் தாழ்ந்த பின்னரும் எழுத்து செல்லும் திசை மாறவில்லை. கரும்பலகையிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து ஆசிரியரின் சிவப்புப் பேனைக்குமே அது இன்றும் செல்கிறது.

இவ்விடத்திற் சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கியின் கருத்தொன்று மனங்கொள்ளத்தக்கது. 1934 இல் வெளியான 'சிந்தனையும் மொழியும்' என்னும் நூலில், எழுத்து என்பது பேச்சை அப்படியே வரிவடிவில் இடுவதன்று என அவர் நிறுவுகிறார். பேசும் பிள்ளைக்கு எதிரே ஒருவர் இருக்கிறார். அவர் முகம் சுளிக்கிறார், குறுக்கிட்டு வினவுகிறார், அதனாற் பேச்சு முன்செல்கிறது. எழுதும் பிள்ளையோ ஒலியையும் இழக்கிறது, கேட்பவரையும் இழக்கிறது. இவ்விரட்டை இழப்பே எழுத்தைக் கடினமாக்குகிறது என்பதும், எழுதுவதற்கான தூண்டுதல் தொடக்கத்திற் பிள்ளைக்கு எட்டாததாகவே இருக்கிறது என்பதும் அவர் வாதம். அங்ஙனமாயின் எழுதக் கற்பித்தலின் முதற்பணி எழுத்துக்கூட்டலன்று. இல்லாமற்போன கேட்பவரை மீளத் தேடிக் கொடுத்தலே. நமது பாடசாலை கொடுக்கும் கேட்பவர் ஒருவரே. அவர் விடையை முன்னரே அறிந்தவர்; அறிவதற்காக வாசிப்பவரல்லர், அளப்பதற்காக வாசிப்பவர்.

இது நமது நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. 1975 இல் ஜேம்ஸ் பிரிட்டனும் அவரது இலண்டன் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் பாடசாலைகளில் 11 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட மாணவர் பல்வேறு பாடங்களுக்காக எழுதிய ஏறத்தாழ 2000 ஆக்கங்களை யாருக்காக எழுதப்பட்டவை என்ற நோக்கிற் பகுத்தது. அவற்றுள் ஏறத்தாழப் பாதி பரீட்சகராகிய ஆசிரியரை நோக்கி எழுதப்பட்டவை. சக மாணவரையோ வெளியுலகையோ நோக்கியவை மிகச் சொற்பம். எல்லாப் பாடங்களிலும் எழுத்தைக் கற்றலின் கருவியாக்க வேண்டும் என்ற இயக்கம் ஆங்கில உலகில் வலுப்பெற்றமைக்கு இவ்வாய்வும் ஒரு காரணமாகும். உழைப்பின் பயன் உழைத்தவரிடமிருந்து பிரிந்து, எதிரே அந்நியப் பொருளாக நிற்பதை அந்நியமாதல் என்கிறோம். தான் எழுதியதைத் திருப்பிப் பெறுகையில் பிள்ளை தேடுவது தன் வாக்கியத்தையன்று, அதன் அடியிலுள்ள புள்ளியையே. ஆலை வாயிலிற் காணும் உறவொன்றை ஏழு வயதிலேயே பயிலத் தொடங்குகிறோம் என்பது மிகைக்கூற்றாகாது.

இனி இவ்வினாவை ஓரிடத்திற் பொருத்திக் காண்போம். கொழும்புத் தமிழரைப் பற்றிப் பேசுவோர் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் குறிப்பிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்வர். பேஸ்லைன் வீதி களனிப் பாலத்தை அணுகுமிடத்தில் உள்ள ஒருகொடவத்தை இலக்கிய வரைபடத்தில் இடம்பெறாதது. அங்கு சுங்கப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் கொன்ரெயினர் முற்றங்கள் உள்ளன. சற்றப்பால் கொலன்னாவை எண்ணெய்க் குதங்கள். மறுபுறம் களனி கங்கை. 2016 மே மாதத்தில் அவ்வாறு பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்தது. 2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, அயலிலுள்ள மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2010 களின் தொடக்கத்திலிருந்து நகர அபிவிருத்தி அதிகாரசபை கொழும்பின் முடுக்குகளில் வாழ்ந்தோரை அடுக்குமாடிகளுக்கு இடம்மாற்றி வந்துள்ளது.

இச்சூழலிற் படிக்கும் நான்காந் தரப் பிள்ளையின் சுற்றாடற் கொப்பியில் என்ன இருக்கும்? 1980 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் பாடநூல் ஊர்காவற்றுறைக்கும் ஒருகொடவத்தைக்கும் ஒன்றே. இலவசக் கல்வியின் இவ்வரும்பேற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரே நூலைப் பெறுதல் சமத்துவம். ஒரே கொப்பியை எழுதுதல் சமத்துவமன்று. வெள்ளம் ஏறிய உயரம் சுவரில் இன்னும் கறையாக நிற்கும் வீட்டுப் பிள்ளை, 'நீரின் பயன்கள்' என ஐந்து வாக்கியம் பார்த்தெழுதுகிறது. அக்கறையை அளந்தால் கணிதம். எந்த ஆண்டுக் கறை எதுவெனப் பாட்டியைக் கேட்டால் வரலாறு. நீர் ஏன் வடியவில்லை என விசாரித்தால் விஞ்ஞானம். நிவாரணச் சோறு கோயிலிலும் பன்சாலையிலும் பள்ளிவாசலிலும் சமைக்கப்பட்டதை எழுதினால் சமயம். இவையனைத்தையும் ஒருவருக்குச் சொல்லும் கட்டாயம் நேர்ந்தால் அது மொழிப்பாடம். 'பாடங்கடந்த எழுத்து' என்று பெருந்தொடராற் கூறப்படுவது இதுவே.

மொழி பற்றி இங்கு சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது. புறக்கோட்டையில் மூடை சுமக்கும் தொழிலாளியைக் கொழும்புத் தமிழர் 'நாட்டாமை' என்பர். சிங்களத்திலும் அச்சொல் அப்பொருளில் வழங்குகிறது. தமிழகத்து வழக்கில் நாட்டாமை ஊர்த்தலைவர். 'என் அப்பா நாட்டாமை' என்று ஒரு பிள்ளை எழுதினால் என்ன நிகழும்? ஊர்த்தலைவர் என்ற பொருளை மட்டும் அறிந்த ஆசிரியர் நகைப்பார். பொருள் அறிந்தவர் அதை வெட்டிச் 'சுமைகாவுநர்' என்றோ 'கூலித்தொழிலாளி' என்றோ திருத்துவார். இரு வகையிலும் தந்தை கொப்பியிலிருந்து வெளியேற்றப்படுகிறார். ஒரு தொழிலுக்கு அத்தொழில் செய்வோரே வைத்துள்ள பெயர் பிழையென்று கற்கும் பிள்ளை, அத்தொழிலே சொல்லத்தகாதது என்றும் சேர்த்தே கற்கிறது.

இது நமக்குப் புதிய விவாதமன்று. 1960 களின் முற்பகுதியில் பேச்சுவழக்கைப் புனைகதையிற் கையாண்டோரின் எழுத்தை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலர் பழித்தபோது, கைலாசபதி, சிவத்தம்பி முதலானோரும் முற்போக்கு எழுத்தாளரும் மண்வாசனையின் பக்கம் நின்று வாதிட்டனர். அவ்விவாதத்தில் முற்போக்காளரே வென்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் வெற்றி நாவலின் வாயிலோடு நின்றுவிட்டது. டானியலின் பாத்திரங்கள் தம் மொழியிற் பேசும் உரிமையைப் பெற்றனர். அப்பாத்திரங்களின் பேரப்பிள்ளைகள் வகுப்பறையில் அதைப் பெறவில்லை. ஆரம்பப் பாடசாலையைப் பண்டிதரிடமே விட்டுவிட்டு வந்தோம். பொதுத்தமிழைக் கற்பிக்கலாகாது என்பதன்று எமது வாதம். அது தொழிலாளர் பிள்ளைக்கு மிகவும் தேவையானது. அதை மறுப்பது வேறொரு வஞ்சனை. திருத்தம் எப்போது நிகழ வேண்டும், யாருடைய நன்மைக்காக நிகழ வேண்டும் என்பதே வினா. வாசகர் ஒருவர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்யும் திருத்தத்தைப் பிள்ளை தானே நாடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு எழுதும்போது 'நாட்டாமை' என்ற சொல்லை விளக்க வேண்டிய தேவை எழும். சொல்லும் நிற்கும், விளக்கமும் சேரும்.

வாசகரைத் தேடிக்கொடுத்த முயற்சிகளுள் இரண்டைக் குறிப்பிடுவோம். முதலாவது, பிரான்சின் தென்பகுதிக் கிராமமான பார்-சூர்-லூவில் ஆசிரியராக இருந்த செலஸ்தென் பிரெனேயினது (1896-1966). முதல் உலகப் போரில் நுரையீரற் காயமுற்று நெடுநேரம் பேச இயலாதவராக வகுப்பறைக்கு வந்த அவர், 1920 களின் நடுப்பகுதியில் ஒரு சிறு அச்சுப்பொறியை வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் தாம் விரும்பியதை எழுதினர். வகுப்பு கூடி ஒன்றைத் தெரிந்தது. கரும்பலகையில் எல்லோரும் சேர்ந்து திருத்தினர். தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். அச்சுத்தாள்கள் நாட்டின் மறுகோடியில் அத்திலாந்திக் கடலோரத்திலிருந்த ஒரு கிராமப் பாடசாலைக்குச் சென்றன. அங்கிருந்து மறுமொழியும் வந்தது. அச்சுப்பொறியைக் காட்டிலும் இம்மறுமொழியே முக்கியமானது. பிரெனே பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தவர். எனினும் 1950 களின் தொடக்கத்தில் அக்கட்சியின் கல்வியாளரே அவரைக் கடுமையாகச் சாடினர். கிராமத்து அனுபவத்திற்குள் பிள்ளையை அடைத்து, தொழிலாளர் பிள்ளைகள் வென்றெடுக்க வேண்டிய முறையான அறிவை அவர் புறக்கணிக்கிறார் என்பது குற்றச்சாட்டின் சாரம். இதில் ஒரு பகுதி உண்மை உண்டு. சுவர்க்கறையைப் பற்றி மட்டும் எழுதி நின்றுவிடும் பிள்ளை வெள்ளத்தை விளங்கிக்கொள்ளாது.

அக்குற்றச்சாட்டிற்கு விடையாக அமைவது இரண்டாவது முயற்சி. இத்தாலியின் புளோரன்ஸ் நகரை அடுத்த மலைக்கிராமமான பார்பியானாவில், குருவாகிய லொரன்சோ மிலானி நடத்திய பாடசாலையின் எட்டு மாணவர் 1967 இல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலைக் கூட்டாக எழுதினர். ஒவ்வொருவரும் சிறு தாள்களிற் கருத்தை எழுதுவர், தாள்களைப் பரப்பி வகைப்படுத்துவர், மிகையானதை நீக்குவர், வெளியாருக்கு வாசித்துக் காட்டி விளங்காத இடங்களை மாற்றுவர். பரீட்சைகளிற் சித்தியெய்தாது பாடசாலையிலிருந்து தள்ளப்பட்டோரின் கணக்கையும், அவர்களது தந்தையரின் தொழிலையும் திரட்டி அட்டவணைகளாக்கினர். விவசாயியின் பிள்ளை வீழ்வதும் வைத்தியரின் பிள்ளை எழுவதும் எண்களாற் காட்டப்பட்டன. இவ்வெழுத்தில் மொழியும் கணிதமும் சமூகக் கல்வியும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்துள்ளன. ஏனெனில் அவ்வெழுத்திற்கு ஒரு வாசகர் இருந்தார். தம்மைச் சித்தியெய்தாதோர் எனத் தள்ளிய ஆசிரியரே அவர்.

நம்மிடையே இவற்றுக்கு நிகரான மரபு இல்லாமலில்லை. 1943 இல் யாழ்ப்பாணத்தில் உருவான மறுமலர்ச்சிச் சங்கத்தார் முதலிற் கையெழுத்துப் பத்திரிகை நடத்திப் பின்னரே 1946 இல் 'மறுமலர்ச்சி'யை அச்சிற் கொணர்ந்தனர். பாடசாலைக் கையெழுத்துச் சஞ்சிகைகளும் நீண்டகாலமாக இருந்து வருகின்றன. ஆயின் அவை பெரும்பாலும் உயர்வகுப்பினருடையவை. ஆண்டுக்கொருமுறை, அழகிய கையெழுத்துடையோரின் தெரிந்தெடுத்த ஆக்கங்களோடு, கண்காட்சிக்காக உருவாவன. தமிழக அரசு 2022 இல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையிற் சேர்வது வரவேற்கத்தக்கது. எனினும் ஒரு மாநிலம் முழுவதற்குமான இதழில் எழுதக்கூடியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முப்பதின்மரும் எழுதுவதும், அவ்வெழுத்து மற்றொரு வகுப்பிற்குச் செல்வதுமே நாம் கருதுவது.

இக்காலத்தில் மேலைநாட்டு ஆரம்ப வகுப்புகள் பலவற்றில் இதே பணிக்கு வலைப்பதிவு பயன்படுகிறது. அச்சுப்பொறிக்கும் அஞ்சலுக்கும் அது மலிவான மாற்று என்பதில் ஐயமில்லை. ஆயின் கருவியைக் கண்டு மயங்குதல் வேண்டா. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நமது ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை வட்ஸ்அப் வழியே அனுப்பினர். பிள்ளைகள் விடையைப் படம்பிடித்துத் திருப்பினர். திரையின் மீது சிவப்புச் சரியடையாளம் விழுந்தது. வீட்டில் ஒரேயொரு தொலைபேசி உள்ள பிள்ளை, தந்தை வேலையால் வரும்வரை இரவில் அதற்காகக் காத்திருந்தது. கருவி நூற்றாண்டைத் தாண்டிச் சென்றது. எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையேயான உறவு கரும்பலகைக் காலத்திலேயே நின்றது. உற்பத்திச் சாதனம் மாறுவதாலேயே உற்பத்தியுறவு மாறிவிடாது என்பதற்கு இதனினும் எளிய உதாரணம் தேவையில்லை.

இங்கு எழக்கூடிய தடை நாமறிந்ததே. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இது உதவுமா எனப் பெற்றோர் கேட்பர். அக்கேள்வியை அறியாமையென்று ஒதுக்குவோர் வசதிபடைத்தோரே. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் சிற்பியான கன்னங்கராவின் திட்டத்தில், கிராமத்து ஏழைப்பிள்ளையை மத்திய கல்லூரிக்கு உயர்த்துவதற்கான வாயிலாகப் புலமைப்பரிசில் கருதப்பட்டது. இன்று அது நகரத்தின் பிரபல பாடசாலைகளுக்கான போட்டியாகவும், மாதிரி வினாத்தாள் வணிகத்தின் சந்தையாகவும் மாறியுள்ளது. ஆயினும் ஒருகொடவத்தைத் தாய்க்குத் தெரிந்த கதவு அது ஒன்றே. அவளிடம் அதை விட்டுவிடுமாறு கூற எவருக்கும் உரிமையில்லை. முதல் மூன்று தரங்களிலாவது வாரத்தில் ஒரு மணிநேரம் இவ்வெழுத்திற்குக் கிடைத்தால், எழுத்தை அஞ்சாத பிள்ளை பரீட்சை மண்டபத்தில் நட்டமடையாது என்ற அளவிலேயே நாம் வாக்குறுதி அளிக்க முடியும்.

இதற்கான தொடக்கம் பெருந்திட்டங்களை வேண்டுவதன்று. களனி கங்கை ஒருகொடவத்தையைக் கடந்து கடலை அடைகிறது. அதன் நீரில் ஒரு பங்கு மஸ்கெலியா ஓயாவிலிருந்து வருவது. 1960 களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. வரட்சிக் காலத்தில் அதன் கோயில் இன்றும் வெளித்தோன்றுகிறது. கொழும்பின் உழைப்பாளர் குடும்பங்கள் பலவற்றின் வேரும் அம்மலைகளிலேதான் உள்ளது. மஸ்கெலியாவின் ஒரு தோட்டப் பாடசாலையின் நான்காந் தரமும் ஒருகொடவத்தையின் நான்காந் தரமும் ஓராண்டு முழுவதும் ஒரே ஆற்றைப் பற்றிக் கடிதம் பரிமாறினால், மழையளவும் தூரமும் கணிதமாகும். மூழ்கிய ஊர் வரலாறாகும். ஓரிடத்தில் நீர் தேக்கப்படுவதற்கும் மற்றோரிடத்தில் வீட்டினுள் புகுவதற்கும் உள்ள தொடர்பு விஞ்ஞானமாகவும் அரசியலாகவும் விரியும். கொழுந்து நிறுக்கும் மடுவம் எது என்று கொழும்புப் பிள்ளை கேட்கும். குப்பை ஏன் மலையானது என்று மலைப்பிள்ளை கேட்கும்.

இரண்டாவது கேள்விக்கு உண்மையான விடை எழுதப்படும்போது, அதை வாசிப்போர் பிள்ளைகள் மட்டுமல்லர். பிரெனேயின் வாழ்வில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். அவர் பின்னர் பணியாற்றிய சேன்-போல் என்னும் ஊரில், பாடசாலைக்கு உதவ மறுத்த நகரத்தலைவரைத் தாக்குவதாகத் தான் கண்ட கனவை ஒரு பிள்ளை எழுதிற்று. வகுப்பு அதை அச்சிட்டது. 1932 இன் இறுதியில் அவ்வெழுத்தை வலதுசாரிகள் சுவரொட்டியாக்கி ஊரெங்கும் ஒட்டினர். கிளர்ச்சியும் எதிர்க்கிளர்ச்சியும் நிகழ்ந்து, 1933 இல் அவர் அப்பாடசாலையை விட்டு விலக நேர்ந்தது. வாசகரற்ற எழுத்துக்கு இத்தகைய ஆபத்து இல்லை. நாணயத்தின் சுயசரிதைக்காக எந்த ஆசிரியரும் இடமாற்றம் பெற்றதில்லை. ஆகவே தனியொரு ஆசிரியையின் துணிவில் மட்டும் இப்பணியை ஏற்றிவைப்பது நியாயமன்று. பிள்ளைகளின் பெயரையும் முகவரியையும் மறைத்தல், எந்த எழுத்து வகுப்பிற்கு வெளியே செல்லலாம் என்பதை வகுப்பே முடிவு செய்தல், ஆசிரியர் சங்கங்கள் இவ்வேலையைத் தமது கோரிக்கைகளுள் ஒன்றாக ஏற்றல் ஆகியன முன்கூட்டியே செய்யப்பட வேண்டியவை.

நம்மைப் போன்றோரின் பங்கும் இதில் உண்டு. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கும் சங்கங்கள் நடத்தும் கட்டுரைப் போட்டிகளுக்கும் பல்கலைக்கழகத்தினரும் எழுத்தாளரும் நடுவர்களாகச் செல்கிறோம். அங்கும் நாம் பரீட்சகரே. முதல் மூன்று இடங்களைக் குறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம், எஞ்சிய தாள்கள் கட்டாகக் கட்டப்படுகின்றன. ஒரு தமிழ்ச்சங்கம், ஒரே ஒரு பாடசாலையின் ஒரே ஒரு வகுப்பைத் தெரிந்துகொண்டு, புள்ளியோ பரிசோ இன்றி, வந்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வினாவேனும் அடங்கிய மறுமொழிக் கடிதம் அனுப்புவதாயின், அதற்கு வேண்டுவது முப்பது முத்திரைகளும் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதுமே.